நான் தேய்த்து அழித்த எண்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறி, அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. கோவில் கூட்டத்திலும் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன். இப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுதினால், இவளுக்கு ஏன் இந்த வேலை என்று படிக்கிறவர்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் மூன்று பேருக்கு நான் நேரில் சொல்லாமல் விட்ட நன்றி இருக்கிறது. பேசத்தான் வராது, எழுதியாவது வைப்போம் என்று தோன்றியது.

என்னிடம் இருக்கிற ஒரே பெரிய நகை ஒரு சங்கிலி. அதைக் கொடுத்தவர் குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு அம்மா. அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். அவருடைய தாயார் படுக்கையில் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பதுதான் என் வேலை. தாயார் காலமான பிறகு நான் ஊருக்குப் புறப்பட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் அந்த அம்மா சமையலறைக்கு வந்து, ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்து, சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டார். அவர் பேசியதில் பாதிதான் புரிந்தது. "இது உனக்கு, பிறகு உன் மகளுக்கு" என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. பரிசாகக் கொடுக்கிறவரிடம் பில் கேட்க முடியுமா? நான் கேட்கவில்லை.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்த முதல் வாரத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து சங்கிலியைக் கழுவினேன். அப்போதுதான் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருப்பதைப் பார்த்தேன். அரிசி மணியில் பாதிகூட இருக்காது. அதில் ஏதோ குத்தியிருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். 875.

சட்டென்று சங்கிலியைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் எண் என்றால் அது ஆளைக் காட்டுவது. எனக்குப் பேர் நம்பர் இருநூற்றுப் பதினாலு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அந்த எண்ணைக் கூப்பிட்டால்தான் எனக்கு அன்றைக்கு வேலை. கொழுந்துச் சாக்கில் எண் எழுதியிருக்கும். ஸ்டோரில் கொடுக்கிற, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் எண் குத்தியிருக்கும். ஒருவர் எண் போட்ட பொருள் இன்னொருவர் வீட்டில் இருந்தால் விசாரணைதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா மழையில் அவசரப்பட்டு வேறொருவருடைய சாக்கை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் அரை நாள் ஆபிஸ் வாசலில் நிற்க வைத்தார்கள். போவோர் வருவோர் எல்லாம் பார்த்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என் தோடும் மூக்குத்தியும் ஆசாரி அடித்துக் கொடுத்தவை. அவற்றில் ஒரு எழுத்தும் கிடையாது. அதனால் தங்கத்தில் எண் குத்துவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. 875 என்பது அந்த வீட்டு எண் என்று நினைத்தேன். அங்கே ஏதாவது புத்தகத்தில் பதிந்திருப்பார்கள், அந்த அம்மா நல்ல மனதோடு கொடுத்துவிட்டு அதை மறந்திருப்பார், நாளைக்கு யாராவது கொக்கியைத் திருப்பிப் பார்த்தால் நான் களவெடுத்ததாக ஆகிவிடும் என்று பயந்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்களுக்கும் தெரிந்துவிடுமே!

எல்லோரும் வேலைக்கு மலைக்குப் போயிருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல்லை எடுத்துக்கொண்டு தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். தண்ணீர் விட்டு அந்தத் தகட்டைத் தேய்த்தேன். முதலில் ஐந்து போயிற்று. பிறகு ஏழு. எட்டுத்தான் கடைசி வரைக்கும் நின்றது. கல்லில் ஒட்டிய மஞ்சள் பொடியையும் விரலால் வழித்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, மனம் லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் சங்கிலி அரிசி டின்னுக்குள் இருந்தது. நல்ல நாளுக்கு மட்டும் வெளியே வரும்.

போன வருஷம் மகளுக்கு வரன் வந்தது. மகள் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை வீடு நோட்டன் பிரிட்ஜில். அவர் மின்சார வேலை பார்க்கிறார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பிறகு பெரியவர்கள் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட வந்தார்கள். தட்டு மாற்றியதும் அன்றைக்கே கல்யாண நாளைக் குறித்து எழுதிவிடுவதாகப் பேச்சு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளை என் வீட்டுக்காரர் காலையிலேயே தயாராக வைத்திருந்தார்.

பெண்ணுக்குப் போடும் நகையைத் தட்டில் வைத்துச் சபையைச் சுற்றி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். தட்டு மாப்பிள்ளையின் அத்தையிடம் போனது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மாப்பிள்ளையின் அப்பாவோடு பிறந்தவர். அவர் கண்ணில் ஒற்றவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். போனில் டோர்ச்சைப் போட்டு, கொக்கியைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னா அக்கா, வைரம் தேடுறீங்களா?" என்று அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டார்.

"வைரம் கெடச்சா ஒனக்கு ஏன்டா சொல்றேன்? நேரா பைக்குள்ள போட்டுக்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கொக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு, பழக்கதோஷத்தில் வாயில் வந்ததுபோல, "சீலக் காணமே" என்றார். தங்கத்தில் குத்தும் முத்திரையைச் சொன்னார்; நான் தேய்த்தது அதைத்தான் என்று புரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார்.

"எங்க வாங்குனது மதினி?"

"வாங்கல… குவைத்துல… அந்த வீட்டு அம்மா குடுத்தாங்க."

"பில்லு இருக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் அழித்ததைச் சொல்லவேண்டிய நேரம் அதுதான். முப்பது பேருக்கு முன்னால் என்னால் முடியவில்லை. நம்பரை நானே தேய்த்தேன் என்று சொன்னால் ஏன் தேய்த்தாய் என்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் யார் நம்புவார்கள்?

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டு ஆளு பொய் சொல்ற ஆளு இல்லீங்க" என்றார். குரல் கொஞ்சம் கூடிப்போயிற்று.

மாப்பிள்ளையின் அம்மா குரலைக் கூட்டவில்லை. "கோவப்படாதீங்க அண்ணே. நாங்க நகை கேட்டா வந்தோம்? வெறுங்கழுத்தா வந்தாலும் பொண்ணக் கூட்டிட்டுப் போவோம். ஆனா தங்கம்னு சொல்லித் தட்டுல வச்சா அது தங்கமா இருக்கணும். சம்பந்தம் பண்றவங்க மொத நாளே ஒண்ண மறச்சா, பொறவு எத நம்புறது?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. நாள் குறிப்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் சொன்னார். மஞ்சள் தடவிய தாள் சுருட்டியபடியே அலமாரிக்குள் போனது. சாப்பிட்டார்கள், ஆனால் பாயாசம் வரைக்கும் இருக்கவில்லை. மழை வருகிறது, வேன்காரர் அவசரப்படுகிறார் என்று எழுந்துவிட்டார்கள்.

பாத்திரம் கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, அது தங்கம்தானே?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"தங்கம்தான்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா கொடுத்தார், நான் வாங்கினேன். ஆறு வருஷம் அவருடைய தாயாரைத் தூக்கி இறக்கினவளுக்கு ஒரு முலாம் சங்கிலியைக் கொடுத்து அனுப்பியிருப்பாரோ? வேலைக்காரிக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாரோ? இரண்டு நாள் அவரைப் பற்றி அப்படி நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பின்னேரம் போன் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை.

"தங்கச்சி, நாளைக்கு லீவு போட்டுட்டு ஹட்டனுக்கு வாங்க. சங்கிலியையும் எடுத்துக்கங்க. யாருகிட்டயும் சொல்ல வேணாம்."

மறுக்கத் தெரியாமல் சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னாடியே வந்து, கறுப்புக் குடையோடு நின்றார். முதலில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வாங்கி வைத்த ரோல்ஸை நான் தொடாமல் இருந்ததைப் பார்த்து, "தின்னுங்க, ஒங்களத் தூக்குல போடவா கூட்டியாந்தேன்" என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"நானும் வெளிநாட்டுல இருந்தவதான். துபாய்ல சந்தையில ஒரு மோதரம் வாங்குனேன். உள்ளுக்குப் பதினெட்டு, கே, அப்புறம் ஜீ, பீ, அப்படீன்னு குத்தியிருந்துச்சு. பதினெட்டு கரட், ஜீபீன்னா கடைக்காரன் பேருன்னு நெனச்சேன். ஊருக்கு வந்து என் அண்ணன் கல்யாணத்துல விரலத் தூக்கித் தூக்கிக் காட்டுனேன். மூணே மாசம். விரலு பச்சையாப் போச்சு. ஜீபீன்னா தங்க முலாமாம்! என் மதினி இருக்காங்கல்ல, மாப்பிள்ளையோட அம்மா, அவுங்கதான் புளி போட்டு என் விரலத் தேச்சு விட்டாங்க. புதுப்பொண்ணு. ஒரு ஆளுகிட்ட மூச்சு விடல. அன்னையிலேருந்து தங்கம்னு எத நீட்டுனாலும் மொதல்ல சீலத்தான் பார்ப்பேன். அது ஒரு வியாதி. அன்னைக்கு ஒங்க வீட்டுலயும் அந்த வியாதிதான் வாயத் தொறந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அங்க சீல் இல்லாம இல்ல. இருந்தத யாரோ தேச்சிருக்காங்க. டோர்ச்சுல நல்லாத் தெரிஞ்சுச்சு. அத நான் சபையில சொல்லல."

டீயைத் தட்டில் சிந்திவிட்டேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கைக்குட்டையை நீட்டினார். அதோடு எழுந்து நடந்தோம்.

நகைக்கடை சின்னது. வயதான ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சங்கிலியை வாங்கி, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கொக்கிப் பக்கம் பார்த்தார். பார்த்ததும் சங்கிலியைத் துணியின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இத எங்க எடுத்தீங்கம்மா?"

"எடுத்தீங்கன்னா?" என்றார் அத்தை.

"சீல அழிச்சிருக்கு. அழிச்ச நகையில நாங்க கை வைக்கிறதில்ல. களவு போன சாமானத்தான் இப்பிடித் தேச்சுக் கொண்டு வருவாங்க. நான் உங்களச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

களவுக்காரி என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்றுதான் அதைத் தேய்த்தேன். தேய்த்ததால்தான் இப்போது அதே பேர். அங்கே நிற்கும்போது ஆபிஸ் வாசலில் நின்ற அம்மா ஞாபகத்துக்கு வந்தார். அம்மா கடைசி வரை வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நான்தாங்க தேச்சேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதுல நம்பர் இருந்திச்சிங்க. அந்த வீட்டு ஆளுங்க நம்பராக்கும்னு நெனச்சுட்டேன். அடுத்தவங்க நம்பரு நம்ம வீட்டுல இருந்தா… கத்தியில, சாக்குல இருக்குமில்லீங்களா… அது மாதிரி. பயந்துபோய்க் கல்லுல தேச்சுட்டேன்."

"என்ன நம்பர்?"

"எண்ணூத்தி எழுபத்தஞ்சு."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொல்லிக் குடுத்தா இந்த நம்பர?"

"யாரும் சொல்லலீங்க. தேய்க்கிறதுக்கு முன்னாடி பார்த்தேன். அத மறக்க முடியலீங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் அத்தையின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பொய் சொல்ல வந்தவங்கன்னா தொள்ளாயிரத்துப் பதினாறுன்னு சொல்லியிருப்பாங்க. நம்ம ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சது அதுதான், இருபத்திரெண்டு கரட்டு. அரபு நாட்டுல கூட ஓடுறது இருபத்தொரு கரட்டு. அதுக்குத்தான் எண்ணூத்தி எழுபத்தஞ்சு. ஆயிரம் பங்குல அத்தன பங்கு தங்கம், மிச்சம் செம்பு வெள்ளி. அர்த்தமே தெரியாம சரியான நம்பரச் சொல்றாங்களே இந்த அம்மா!" பிறகு என்னிடம், "எங்கப்பாவும் கவ்வாத்துக்காரர்தான். அவர் கத்தி நம்பர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகுதான் சங்கிலியைக் கையில் எடுத்தார். ஒரு கறுப்புக் கல்லில் சங்கிலியின் ஒரு வளையத்தை உரசினார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில், இருபத்தொரு கரட் என்று நிச்சயமாகத் தெரிந்த தன் மாதிரிக் குச்சியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் கண்ணாடிக் குச்சியால் அமிலம் தொட்டு வைத்தார். தங்கம் குறைந்தால் கோடு மங்கும், முலாம் என்றால் மறைந்தே போகும் என்றார். கோடு விழுந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கோடும் ஒன்றுபோல நின்றன.

குவைத்தில் இருக்கிற அந்த அம்மாவை நினைத்தேன். இரண்டு நாள் அவரைச் சந்தேகப்பட்டேனே என்று நினைத்தேன். அவர் கொடுத்ததோடு, என்ன கொடுத்தேன் என்பதையும் அந்தத் தகட்டில் ஒளிக்காமல் கொடுத்திருக்கிறார். நான்தான் அதை வாசிக்கத் தெரியாமல் தண்ணீரில் விட்டேன்.

"வேணும்னா இருபத்தொண்ணுன்னு குத்தித் தாரேன்" என்றார் கடைக்காரர்.

"ஐயோ வேணாங்க, இன்னொரு நம்பர் வேணாம்" என்றேன் நான். கடைக்குள் மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சத்தமாக நான் வெளியிடத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் நிறுத்துப் பார்த்து, எடையையும் கரட்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கடை முத்திரை போட்டுக் கொடுத்தார். சோதித்ததற்குக் காசு வாங்கவில்லை. அவருக்கும் நான் நன்றி சொல்லவில்லை.

வெளியே வந்ததும் கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கினோம். அத்தை அங்கேயே நின்று, தன் மதினிக்கு, அதாவது மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"மதினி, நான் ஹட்டன்ல நிக்கிறேன். அந்தச் சங்கிலி தங்கம்தான். ஒரசிப் பார்த்தாச்சு, துண்டும் கையில இருக்கு. சபையில வாய விட்டது நான், அதனால நானே சொல்றேன்."

மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "தங்கம்னா ஏன் சீல் இல்ல?" என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். "அது… பழசு மதினி, தேஞ்சு…" என்று ஆரம்பித்தார். எனக்காகத்தான் அப்படிச் சொல்லப் பார்த்தார். அவர் அப்படியே சொல்லி முடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் நாளே ஒன்றை மறைத்தால் என்று அந்த மனுஷி கேட்டது என் காதில் இருந்தது. கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

"மதினி, நான் பேசுறேன். அது தேயல. நான்தான் தேச்சேன்" என்று ஆரம்பித்து, பீலி, கல், அம்மா ஆபிஸ் வாசலில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். பஸ் ஹோர்ன் சத்தத்தில் இரண்டு தடவை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லி முடித்ததும் அவர் கேட்டார். "ஒங்க பேர் நம்பர் எத்தன மதினி?"

"இருநூத்திப் பதினாலு."

"என்னுது நானூத்தி மூணு. இருபத்தெட்டு வருசம் அந்த நம்பருக்குத்தான் கை தூக்குனேன்." பெருமூச்சு கேட்டது. பிறகு சிரிப்பு. "நானா இருந்தாலும் தேச்சுத்தான் இருப்பேன். ஒங்களுக்காவது அறிவு, கல்லுல தேச்சீங்க. நான் சுத்தியலால அடிச்சிருப்பேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் மறைத்தது.

"ஞாயித்துக்கெழம வாறோம்" என்றார். "அந்தத் தாள எடுத்து வைங்க, நாளக் குறிச்சிருவோம். அப்புறம் மதினி, அன்னைக்குப் பாயாசம் சாப்புடாமப் போயிட்டோம். திரும்ப வைங்க."

அத்தை போனை வாங்கி, "எனக்கு ரெண்டு கப்" என்று கத்திவிட்டு வைத்தார்.

நன்றி என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஏறும்போது அவர் குடையை என் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். "ஞாயித்துக்கெழம குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் துண்டை மகளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். மடித்து, சங்கிலியோடு சேர்த்து அரிசி டின்னுக்குள் வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் பெரட்டுக்குப் போனேன். இருநூற்றுப் பதினாலு என்று கூப்பிட்டார்கள், கை தூக்கினேன். ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து. மதியத்துக்கு மேல் மழை விடவில்லை. பன்னிரண்டு கிலோதான் எடுத்தேன்.